ஒரு சீட்டும் நாற்பத்திரண்டு சீட்டும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

கணிதம் படிக்கும் மாணவிக்குக் கதைப் புத்தகத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். நம் கல்லூரி மலரில் நூல் மதிப்புரை எழுதுவது பெரும்பாலும் தமிழ்த் துறையாரும் ஆங்கிலத் துறையாரும்தான். ஆயினும், ஒரு நாவலின் உயிரே ஒரு கணக்கில் இருக்குமானால் அதைப் பற்றிப் பேச எங்கள் துறைக்கும் கொஞ்சம் உரிமை உண்டு அல்லவா?

அந்த நாவலின் பெயர் ‘தி ஹங்கர் கேம்ஸ்’. தமிழில் ‘பசி விளையாட்டு’ எனலாம். சுசேன் காலின்ஸ் என்னும் அமெரிக்க எழுத்தாளர் பதின்ம வயதினருக்காக எழுதி 2008-இல் வெளிவந்தது. 2012-இல் திரைப்படமாகவும் வந்தது. “ஆங்கிலம் பழக வேண்டுமானால் முதலில் விறுவிறுப்பான ஒன்றைப் படி, காவியங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று எங்கள் ஆங்கிலப் பேராசிரியை சொன்னதால் நூலகத்தில் எடுத்தேன். காலையும் மாலையும் பேருந்தில், அகராதியைச் செல்பேசியில் திறந்து வைத்துக்கொண்டு, பத்தொன்பது நாட்களில் படித்து முடித்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆங்கிலத்தில் முழுதாகப் படித்த முதல் நாவலும் இதுதான். ஆகவே என் மதிப்பீட்டில் கொஞ்சம் பாசம் கலந்திருந்தால் பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க.

படிக்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். வட அமெரிக்கா அழிந்துபோன ஓர் எதிர்காலம். அங்கே பனெம் என்றொரு நாடு. ‘ரொட்டியும் கேளிக்கையும் கிடைத்தால் போதும், மக்கள் வாய் திறக்க மாட்டார்கள்’ என்று உரோமக் கவிஞர் ஜுவெனல் ஏளனம் செய்தாரே, அந்தத் தொடரில் ரொட்டியைக் குறிக்கும் இலத்தீன்ச் சொல்லே நாட்டின் பெயர். கேப்பிட்டல் என்ற செல்வத் தலைநகரம்; அதற்கு உழைத்துக் கொட்டும் பன்னிரண்டு மாவட்டங்கள். முன்னொரு காலத்தில் கலகம் செய்த குற்றத்துக்காக ஒவ்வொரு மாவட்டமும் ஆண்டுதோறும் 12 முதல் 18 வயதுக்குட்பட்ட ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் காணிக்கையாக அனுப்ப வேண்டும். அந்த 24 பேரையும் ஒரு பெருங்காட்டில் விட்டுவிடுவார்கள். ஒருவர் மிஞ்சும்வரை ஒருவரையொருவர் கொல்ல வேண்டும். நாடு முழுவதும் அதைத் தொலைக்காட்சியில் கண்டே தீர வேண்டும்! கதை நடப்பது 74-ஆவது ஆண்டு விளையாட்டில். கதை சொல்பவள், நிலக்கரிச் சுரங்கமுள்ள பன்னிரண்டாம் மாவட்டத்துப் பெண்ணான பதினாறு வயதுக் காட்னிஸ்.

கொலைக் களத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். என்னை நிறுத்தி வைத்ததோ முதல் அத்தியாயத்தில் வரும் சீட்டுக் கணக்கு.

பன்னிரண்டு வயதில் உன் பெயரில் ஒரு சீட்டு குடத்தில் விழும். பதின்மூன்றில் இரண்டு. இப்படியே பதினெட்டில் ஏழு. இதுவரை நியாயமானது போலத் தோன்றும். எல்லாருக்கும் பொது அல்லவா? இனிமேல்தான் சூது. வீட்டில் பசியென்றால் கூடுதலாக ஒரு சீட்டுப் போட்டுக்கொள்ளலாம். அதற்கு ஈடாக ஓர் ஆளுக்கு ஓராண்டுக்குத் தானியமும் எண்ணெயும் கிடைக்கும், அதுவும் அரை வயிற்றுக்கு. குடும்பத்தில் எத்தனை பேரோ அத்தனை சீட்டு போடலாம். போட்ட சீட்டு எதுவும் கழியாது. ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்துகொண்டே போகும்.

நோட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். சேர்ந்த ஆண்டுகளின் எண்ணிக்கையை, வீட்டுத் தலைகளோடு ஒன்று கூட்டிப் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். காட்னிஸ் வீட்டில் தாய், தங்கை, தான் என மூவர். மூன்றுடன் ஒன்று நான்கு. ஐந்து ஆண்டுகள். ஆகவே 20 சீட்டு. அவள் நண்பன் கேல் பதினெட்டு வயதுக்காரன். தந்தை இல்லை, தாய், தம்பிகள் இருவர், தங்கை, தான் என ஐவர். ஐந்துடன் ஒன்று ஆறு. ஏழு ஆண்டுகள். ஆகவே 42. நூலாசிரியை கொடுத்திருக்கும் எண்களும் இவைதாம். ஒரு புள்ளி பிசகவில்லை. கேலின் 42-இல் வயதுக்காக விழுந்தவை ஏழுதான். மற்ற 35-உம் சோற்றுக்காக விழுந்தவை. அதாவது அவன் தலைக்கு மேல் தொங்கும் கத்தியில் ஆறில் ஐந்து பங்கு பசியால் செய்தது!

பையன்களுக்கு ஒரு குடம், பெண்களுக்கு ஒரு குடம் என்பதால் காட்னிஸையும் கேலையும் நேரடியாக ஒப்பிடக் கூடாது. காட்னிஸோடு ஒப்பிட வேண்டியவள் மேயரின் மகள் மேட்ஜ். அவள் பெயரில் ஐந்து சீட்டுகள்தாம் இருக்கும் என்று கேலே சொல்கிறான். ஒரே ஊர், ஒரே பள்ளி, ஒரே வகுப்பு. ஆயினும் ஒருத்திக்கு நான்கு மடங்கு ஆபத்து. சட்டம் இருவருக்கும் ஒன்றுதான். சட்டத்தில் எங்கும் ‘ஏழை’ என்ற சொல் இல்லை. ஏழைகளைத் தேடிப் பிடிக்கும் வேலையைப் பெருக்கல் வாய்பாடு பார்த்துக்கொள்கிறது. கொடுங்கோன்மை பற்றிய கதைகளில் சாட்டையையும் சிறையையும் கண்டிருக்கிறோம். ஒரு பெருக்கலைக் கொடுங்கோலனாக நிறுத்திய கதையை நான் இதற்குமுன் படித்ததில்லை.

நம் நாட்டு நியாய விலைக் கடையில் அரிசிக்கு ஈடாக யாரும் பெயர்ச்சீட்டு கேட்பதில்லை. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் குடும்ப அட்டைக்கு அரிசி விலையில்லாமலே கிடைக்கிறது. எங்கள் வீட்டு அடுப்பு பல மாதம் எரிந்தது அந்த அரிசியால்தான். ஆகவே பனெமையும் நம்மையும் ஒன்றென்று சொல்ல நான் வரவில்லை. இருப்பினும் இந்த நூலில் ஓர் இடம் என்னை உலுக்கியது. காட்னிஸின் தந்தை சுரங்க வெடிப்பில் இறக்கிறார். அரசு ஒரு சிறு தொகை தருகிறது. ஒரு மாதம் துக்கம் காக்கப் போதுமான பணம். அதற்குப் பிறகு தாய் எழுந்து வேலைக்குப் போய்விட வேண்டும் என்பது கணக்கு. தாயோ எழவில்லை. என் தந்தை தேங்காய் பறிக்கப் போன இடத்தில் மரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது, வேலைக்கு அழைத்துப் போனவர் முதல் வாரத்து மருத்துவச் செலவைக் கொடுத்தார். அதோடு அவர் கணக்கு முடிந்தது. எங்கள் கணக்கு அன்றுதான் தொடங்கிற்று. அதனால் அந்தப் பக்கத்துக்கு எனக்கு அகராதி தேவைப்படவில்லை.

சீட்டு எடுக்கும் நாள் வருகிறது. இருபது சீட்டுக்காரி நிற்கிறாள். விழுவதோ அவள் தங்கை ப்ரிம்மின் பெயர். பன்னிரண்டு வயது, முதல் ஆண்டு, ஆயிரக்கணக்கான சீட்டுகளில் ஒரே ஒரு சீட்டு! தங்கையைக் கூடுதல் சீட்டுப் போட அக்காள் அனுமதிக்கவே இல்லை. தன் பெயரில் அடுக்கி அடுக்கித் தங்கையின் எண்ணை ஒன்றிலேயே நிறுத்தி வைத்திருந்தாள். அந்த ஒன்றுதான் வந்து விழுகிறது. இது கதாசிரியையின் வசதிக்காக நேர்ந்த தற்செயல் என்று என் வகுப்புத் தோழி குறை சொன்னாள். நான் ஒப்பவில்லை. நிகழ்தகவு சிறிது என்றால் சுழியம் என்று பொருளன்று. ஒருவர் தாங்கக்கூடிய ஆபத்தையெல்லாம் தாங்கிய பிறகும் மிச்சம் ஒன்று இருக்கும் என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

காட்னிஸ் முன்னே பாய்ந்து, தங்கைக்குப் பதில் தான் போவதாகச் சொல்கிறாள். கூட்டம் கைதட்ட மறுக்கிறது. ஒவ்வொருவராக இடக்கையின் மூன்று நடுவிரல்களை உதட்டில் வைத்து அவளை நோக்கி நீட்டுகிறார்கள். நன்றியையும் பாராட்டையும் பிரிவையும் ஒருசேரக் குறிக்கும் அந்த மாவட்டத்து வழக்கம் அது. இந்தச் சைகை புத்தகத்தோடும் படத்தோடும் நின்றுவிடவில்லை. 2014 மே மாதம் தாய்லாந்தில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது மக்கள் வீதியில் மூன்று விரல்களை உயர்த்தினார்கள். அவ்வாண்டு நவம்பரில் மாணவர்கள் ஐவர் பிரதமர் முன்னிலையில் அதே சைகையைக் காட்டியதற்காகப் பிடித்துச் செல்லப்பட்டார்கள். 2021-இல் மியான்மரிலும் அதே மூன்று விரல்கள். சிறுவர் நூல் என்று அலட்சியமாகத் தள்ளுவோர் இதையும் எண்ணிப் பார்க்கலாம்.

எல்லோரும் இந்த இடத்தில் காட்னிஸைப் பார்க்கிறார்கள். நான் ப்ரிம்மைப் பார்த்தேன். காரணம் உண்டு. தந்தை விழுந்த ஆண்டில் என் அக்காளுக்குப் பதினாறு வயது, எனக்குப் பன்னிரண்டு. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த மறு வாரம் அக்காள் நூற்பாலை வேலைக்குப் போனாள். எங்கள் வீட்டில் யாரும் குடத்தில் கைவிட்டுச் சீட்டு எடுக்கவில்லை. இருவரில் ஒருவர் போக வேண்டும் என்று யாரும் சொல்லக்கூட இல்லை. விடியற்காலையில் மில் வேன் வந்து நின்றது, அவள் ஏறினாள். அவ்வளவுதான். நான் பள்ளிக்குப் போனேன். இன்றும் இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது அவள் புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும்.

ஆகவே, காப்பாற்றப்பட்டவளின் மனத்தில் என்ன ஓடுகிறது என்று இந்த நூல் எனக்குச் சொல்லும் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. விடைபெறும் அறையில் ப்ரிம் அக்காளின் மடியில் அமர்ந்து, வெல்ல முயல்வதாக வாக்குறுதி வாங்குகிறாள். அதன்பின் முதல் நூலில் அவள் நம் கண்ணுக்கு நேரே வருவதே இல்லை. கதை முழுவதும் காட்னிஸின் வாய்மொழி; காட்னிஸ் காணாததை நாமும் காண முடியாது. வென்று திரும்பும் இரயில் ஊருக்குள் நுழைகிறது. தங்கையைத் தொடும் முன்னே நூல் முடிந்துவிடுகிறது. எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. நம் கதைகளிலும் திரைப்படங்களிலும் இதே நிலைதான். தம்பி தங்கையருக்காக உழைத்து ஓய்ந்த அக்காள்களுக்குக் கதைகள் ஏராளம். அந்தத் தங்கை தேர்வு எழுதும்போது எப்படி எழுதினாள், நாற்பது மதிப்பெண் வாங்கிய நாளில் வீட்டுக்குள் எப்படி நுழைந்தாள் என்று எழுதியவர் யார்?

களத்துக்கு வருவோம். பிழைத்திருப்பதைப் பற்றிய பகுதிகள் மிக நன்றாக இருக்கின்றன. முதல் நாளே பதினொரு பேர் மடிந்துவிடுகிறார்கள். ஆனால் எனக்கு அதைவிட அச்சம் தந்தது தண்ணீர் தேடும் பகுதிதான். நாவறண்டு, தலை சுற்றி, கால் பின்னி, கடைசியில் சேற்றில் விழுந்து, அந்தச் சேற்றாலேயே தண்ணீர் பக்கத்தில் இருப்பதை உணர்கிறாள். குளத்தைக் கண்டதும் பாய்ந்து குடிக்கவில்லை. அயோடின் சொட்டுகள் விட்டு அரை மணி நேரம் காத்திருக்கிறாள். அந்த அரை மணி நேரம் எந்தச் சண்டைக் காட்சியையும்விடக் கொடியது! மற்றோரிடத்தில், தலைநகரில் பொத்தானை அழுத்தியதும் மேசைக்கு வந்து நிற்கும் கோழிக்கறிச் சோற்றைப் பார்த்து, இதை ஊரில் சமைக்க எத்தனை பறவை அடிக்க வேண்டும், எதை விற்று எதை வாங்க வேண்டும் என்று மனக்கணக்குப் போடுகிறாள். பசியறிந்தவர்கள் விருந்தை முதலில் விலையாகத்தான் பார்ப்பார்கள். இதை எழுத ஆசிரியைக்கு எப்படித் தெரிந்ததோ!

குறைகளும் உண்டு. முதற்குறை: காட்னிஸின் கை பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும்படி கதை பின்னப்பட்டிருக்கிறது. குளவிக் கூட்டை அறுத்துப் போட்டு இருவரைக் கொல்கிறாள். அது தன்னைக் கொல்ல மரத்தடியில் காத்திருந்தவர்கள்மீது. அம்பெய்து ஒருவனைக் கொல்கிறாள். அவன் பன்னிரண்டு வயதுச் சிறுமி ரூவை ஈட்டியால் குத்தியவன். இறுதியில் ஒருவனைக் கொல்வது அவன் வேதனையை முடிக்க. அவளும் ரூவும் நண்பர்கள். கடைசியில் அந்த இருவர் மட்டும் மிஞ்சியிருந்தால்? விளையாட்டின் விதிப்படி எழ வேண்டிய கேள்வி அதுதான். ரூவை வேறொருவன் கொன்றுவிடுவதால் ஆசிரியை அந்தக் கேள்வியிலிருந்து கதாநாயகியையும் நம்மையும் தப்பவிட்டுவிடுகிறார். நல்லவேளை என்று மனம் சொல்கிறது. ஏமாற்று என்று அறிவு சொல்கிறது. இரண்டாம் குறை: இறந்துபோன பிள்ளைகளின் கண்களோடு ஓநாய் போன்ற விலங்குகள் இறுதியில் வருவது. உண்மையான தாகத்தை எழுதியவருக்கு இந்தப் பூச்சாண்டி எதற்கு? காதல் பகுதியைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை; விடுதித் தோழிகள் அதைப் பற்றி வேண்டிய அளவு பேசிவிட்டார்கள்.

காலின்ஸின் தந்தை அமெரிக்க விமானப் படையில் பணியாற்றி வியட்நாம் போருக்குச் சென்றவர். ஓரிரவு தொலைக்காட்சியில் அலைவரிசைகளை மாற்றி மாற்றிப் பார்த்தபோது, இளைஞர்கள் போட்டியிடும் நிகழ்ச்சியும் ஈராக் போர்க் காட்சிகளும் ஒன்றோடொன்று கலந்து மயங்கின. அதிலிருந்துதான் இக்கதை பிறந்தது என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பார்ப்பவர்களைக் குற்றம் சாட்டும் நூல் இது. ஆனால் பேருந்தில் நின்றுகொண்டே பக்கம் புரட்டிய நான் யார்? அடுத்துச் சாவது யார் என்று அறியத்தானே என் நிறுத்தத்தைத் தாண்டிக்கூடப் படிக்கத் துடித்தேன்? ஒவ்வோர் அத்தியாயத்தையும் முனையில் தொங்கவிட்டு முடிக்கிறார் ஆசிரியை. கேப்பிட்டல்காரர்களின் ஆவலை வெறுக்கச் செய்துகொண்டே அதே ஆவலை நமக்குள்ளும் ஊட்டுகிறார். இது நூலின் குறையா, சாமர்த்தியமா என்று பேராசிரியர்கள்தாம் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

அக்காளுக்கு இந்தக் கதையைத் தமிழில் சொன்னேன், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில். அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். களத்துச் சண்டைகளுக்கெல்லாம் ‘ம்’ கொட்டினாள். முடித்ததும் அவள் கேட்ட கேள்வி: “அந்தப் பிள்ள அங்க போயிட்டா. சரி. வீட்டுல ஆடு இருக்குன்னு சொன்னியே, அத யாருடி கறந்தது? பால வித்தது யாரு? அந்தச் சின்னப் பிள்ளைதான செஞ்சிருக்கணும்?”

ஆம். ஊரைவிட்டுப் போகும்முன் காட்னிஸ் தங்கைக்குச் சொல்லிப் போவதே அதுதான்: கூடுதல் சீட்டுப் போடாதே, ஆட்டுப் பாலும் பாலாடைக்கட்டியும் விற்றுச் சமாளியுங்கள். நான் அந்த வரியைப் படித்துக் கடந்து போயிருந்தேன். நூலில் ப்ரிம் மறைந்துபோனதாக நான் எழுதிய இடத்தில், அவள் தினமும் ஆடு கறந்துகொண்டிருக்கிறாள் என்று அக்காள் கண்டாள்.

“அந்தத் தங்கச்சி அப்புறம் என்ன ஆனா?” என்றாள். சொல்லத் தயங்கினேன். இவ்வரிசையின் மூன்றாம் நூல் 2010-இல் வந்தது. அதை ஒரு தோழியிடம் இரவல் வாங்கிப் படித்திருந்தேன். அதில் ப்ரிம் மருத்துவம் கற்கிறாள். பதினான்கு வயதும் நிறையாத அவள், காயம்பட்ட குழந்தைகளுக்கு மருந்திடப் போன இடத்தில் குண்டுவெடிப்பில் இறந்துவிடுகிறாள். சொன்னேன்.

முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். “அப்ப இவ போனது எதுக்கு? என்ன கத எழுதியிருக்கா அந்தம்மா!” என்று கோபப்பட்டாள். பிறகு சிறிது நேரம் கழித்து, “டாக்டருக்குப் படிச்சாளா? எவ்வளவு நாள்?” என்றாள். சில மாதங்கள் இருக்கும், கட்டுப்போடவும் மருந்திடவும் நன்றாகக் கற்றிருந்தாள் என்றேன். “அது வரைக்கும் சரி” என்று மீண்டும் புடைக்கத் தொடங்கினாள்.

இந்தக் கட்டுரையை மலருக்கு எழுதப் போவதாகச் சொன்னபோது அவள் விதித்த நிபந்தனை ஒன்று உண்டு: “என்னைப் பத்தி எழுதுனா தியாகம் கீகம்னு போட்டுறாத. அப்பா படுத்துட்டாரு, மில்லுக்குப் போனா மாசம் சம்பளம் வரும்னு போனேன். உன்னைய மாதிரி எனக்குக் கணக்கு வராது, அதையும் போடு.” இரண்டாவது கூற்று உண்மையன்று. பத்தாம் வகுப்பில் அவள் வாங்கிய கணித மதிப்பெண் என்னுடையதைவிட ஆறு அதிகம்.

இந்நூலை முதலாண்டு மாணவ மாணவியர் தயங்காமல் எடுத்துப் படிக்கலாம். நிகழ்காலத்தில் சொல்லப்பட்ட சிறுசிறு வாக்கியங்கள். முதல் முப்பது பக்கங்களைக் கடந்துவிட்டால் அகராதி தேவைப்படுவது பாதியாகக் குறைந்துவிடும். வன்முறை மிகுதி என்று தம்பி தங்கையரிடமிருந்து மறைத்து வைக்கத் தேவையில்லை. பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டோர் தாங்குவார்கள். படத்தை முதலில் பார்த்துவிடாதீர்கள். சீட்டுக் கணக்கை அங்கே யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை. நம் நூலகத்தில் முதல் நூல் ஒரே ஒரு படிதான் இருக்கிறது. சென்ற வாரம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.